தேர்வும் பொறுப்பும்: இருத்தலியல் தத்துவத்தின் வரலாறு

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டனர். சங்க இலக்கியம் பற்றியும் பக்திப் பாடல்கள் பற்றியும் எழுத வல்லவர்கள் நம்மிடையே பலர் உளர். ஆகவே, அதிகம் பேசப்படாத ஒரு பொருளை எடுத்துக்கொள்ளத் துணிந்தேன். நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் பணிக்கு வந்தவன். பேராசிரியர்களுக்கு உரிய தத்துவத்தில் ஓர் எழுத்தனுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். கல்லூரி மண்டபத்தை விட்டு வெளியே வந்து, காகிதத்தில் கையெழுத்திடும் ஒவ்வொருவனையும் நிறுத்தி, "இதை நீ ஏன் செய்கிறாய்?" என்று கேட்ட தத்துவம் இது. ஆதலால் நமக்கும் இதில் பங்கு உண்டு.

பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் எக்ஸிஸ்டென்ஷியலிசம் எனப்படும் இத்தத்துவத்தைத் தமிழில் இருத்தலியல் என்பர். இருத்தல் என்பது இங்கே வெறுமனே உயிரோடு இருப்பதைக் குறிப்பதன்று. கல் இருக்கிறது, மரம் இருக்கிறது, மேசை இருக்கிறது. மனிதனோ தான் இருப்பதை அறிந்து, எவ்வாறு இருக்கவேண்டும் என்று தானே முடிவு செய்யவேண்டியவனாக இருக்கிறான். இந்த வேறுபாடே இத்தத்துவத்தின் வித்து.

நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறலாம். பார்சல் அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் சேருமிடம் எழுதிய லேபில் ஒட்டப்பட்டிருக்கிறது. எங்கே இறங்குவது என்று பெட்டி சிந்திக்க வேண்டுவதில்லை. மனிதனும் லேபிலோடு பிறந்தவன் என்றே பெரும்பாலோர் எண்ணினர். குலம், தொழில், தலையெழுத்து, இயற்கைக் குணம் ஆகியவற்றுள் ஒன்று அவன் போக்கை முன்னரே வகுத்துவிட்டது என்றனர். பின்னாளைய இருத்தலியலாரான சார்த்தர் இதை மறுத்தார். மனிதன் முதலில் உலகில் வந்து நிற்கிறான். அதன்பின் தன் செயல்களால் தன்னை இன்னான் என்று ஆக்கிக்கொள்கிறான் என்பது அவர் கொள்கை. ஊழ் என்னும் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தையும் ஒரே நூலில் கற்ற நமக்கு இவ்வழக்கு முற்றிலும் புதிதன்று.

கோபனேகன் நகரத்துத் தனியன்

இந்தச் சிந்தனையின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் டென்மார்க்கு நாட்டின் சோரன் கீர்க்ககார்டு. 1813-ஆம் ஆண்டு கோபனேகன் நகரில் பிறந்தவர். தந்தையார் கம்பளி வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். ஆயினும் இளமையில் ஆடு மேய்த்த நாளில் பசியாலும் குளிராலும் வருந்திக் கடவுளைச் சபித்ததை எண்ணி எண்ணி ஆயுள் முழுவதும் அஞ்சியவர். அந்த அச்சத்தின் நிழல் மகன்மேலும் விழுந்தது. கீர்க்ககார்டு 1840-இல் ரெகினா ஓல்சன் என்னும் மங்கையை மணக்க உறுதி செய்துகொண்டார். அடுத்த ஆண்டே அதனைத் தாமே முறித்துக்கொண்டார். அம்முடிவின் வேதனை அவர் நூல்களிலெல்லாம் எதிரொலிக்கிறது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஹெகல் என்னும் ஜெர்மானியரின் தத்துவம் கொடிகட்டிப் பறந்தது. உலக வரலாறு முழுவதையும் ஒரே அறிவு ஒழுங்கில் அடக்கிக் காட்டிய மாபெருங் கட்டடம் அது. கீர்க்ககார்டு அதன் உயரத்தை மறுக்கவில்லை. அதற்குள் தனி மனிதன் குடியிருக்க இடம் எங்கே என்று கேட்டார். நான் மணம் புரிவதா, துறப்பதா? நம்புவதா, மறுப்பதா? இவற்றுக்கு வரலாற்றின் பேரேட்டில் விடை இல்லை. அவனவன் தன் நெஞ்சில் தானே முடிவெடுக்க வேண்டும். 1843-இல் வெளியான அவருடைய நூல்கள் இத்தகைய தேர்வையே பேசுகின்றன. செங்குத்தான மலை விளிம்பில் நிற்பவனுக்கு விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் ஒருபுறம். தானே குதித்துவிடவும் கூடும் என்ற உணர்வு மறுபுறம். இந்த இரண்டாவது உணர்வே சுதந்திரத்தின் மயக்கம். அதுவே மனக்கலக்கம் என்று அவர் விளக்கினார். கீர்க்ககார்டு ஆழ்ந்த கிறித்தவர். எனினும், பிறப்பினாலும் வழக்கத்தினாலும் மட்டும் கிறித்தவராக இருந்த தம் நாட்டாரையும் அரசுத் திருச்சபையையும் கடுமையாகச் சாடினார். 1855-இல் தெருவில் மயங்கி விழுந்து, 42-ஆம் வயதில் மருத்துவமனையில் காலமானார்.

இரசியாவிலும் ஜெர்மனியிலும்

இரசிய நாவலாசிரியர் தாஸ்தயேவ்ஸ்கி அரசுக்கு எதிரான குழுவில் சேர்ந்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, 1849 டிசம்பரில் கொலைக்களத்துக்குக் கொண்டுவரப்பட்டார். முதல் மூவர் கம்பத்தில் கட்டப்பட்டு, சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டிய கணத்தில், தண்டனை மாற்றப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதன்பின் சைபீரியாவில் 4 ஆண்டு கடுங்காவல். இறப்பின் விளிம்பைக் கண்டு மீண்ட அவர், 1864-இல் எழுதிய ஒரு குறுநாவலில், நலம் இன்னது என்று கணக்கிட்டுக் கையில் கொடுத்தாலும் அதை உதறித் தன் விருப்பப்படி நடக்கத் துடிக்கும் மனிதனைப் படைத்தார். மனிதன் கணிதச் சூத்திரம் ஆகான் என்பதே அந்நூலின் குரல்.

ஜெர்மானியரான நீட்சே 24-ஆம் வயதிலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்றவர். 1882-இல் எழுதிய ஒரு நூலில், பட்டப்பகலில் விளக்கேந்திச் சந்தைக்கு வந்து கடவுளைத் தேடும் ஒரு பித்தனைக் காட்டுகிறார். ஐரோப்பிய மக்கள் கோயிலுக்குப் போய்வந்தாலும், உள்ளத்தில் கடவுளை இழந்துவிட்டனர். அந்த இழப்பின் பொருளை இன்னும் உணரவில்லை என்பது அதன் கருத்து. அறத்தைத் தாங்கிய தூண் சாய்ந்தபின் அறம் எதன்மேல் நிற்கும்? இக்கேள்வியைப் பின்வந்தோரிடம் விட்டுவிட்டு, 1889-இல் இத்தாலியின் தூரின் நகரில் அறிவு கலங்கிய நீட்சே, 1900-இல் மறைந்தார். கீர்க்ககார்டு ஆத்திகர், நீட்சே நாத்திகர். இருவரையும் முன்னோராகக் கொண்ட இத்தத்துவத்தை ஆத்திகம் என்றோ நாத்திகம் என்றோ ஒரே பெட்டியில் அடைக்க முடியாது.

1927-இல் மார்ட்டின் ஹைடெக்கர், இருப்பும் காலமும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். மனிதன் தன் விருப்பம் கேளாமலே உலகில் எறியப்பட்டவன். தான் இறக்கப்போவதை அறிந்தவன். ஆயினும் அன்றாட வாழ்வில் அவ்வுண்மையை மறந்து, ஊரார் பேசுவதைப் பேசி, ஊரார் விரும்புவதை விரும்பி, ஊராருள் ஒருவனாகக் கரைந்துபோகிறான். தன் சாவைத் தானே எதிர்நோக்கும்போதுதான், தன் வாழ்வும் தன்னுடையது என்று விழிக்கிறான் என்றார் ஹைடெக்கர். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று எண்ணியே மகனின் படிப்பையும் மகளின் மணத்தையும் முடிவு செய்யும் குடும்பங்கள் நம் குடியிருப்பிலும் இல்லாமல் இல்லை. அவ்வகையில் இக்கருத்து நம் வாசற்படிக்கே வருகிறது.

இவ்வளவு எழுதிய ஹைடெக்கர் 1933-இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகி, இட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1945 வரை அதன் உறுப்பினராகவே இருந்தார். யூத குலத்தில் பிறந்த தம் ஆசிரியர் ஹுசர்லுக்குக் காணிக்கையாக்கிய அந்த நூலின் 1941-ஆம் ஆண்டுப் பதிப்பில் காணிக்கைப் பக்கம் நீக்கப்பட்டிருந்தது. ஊராரோடு கரையாதே என்று எழுதியவர், ஊர் முழுதும் ஒரே முழக்கமிட்ட நாளில் அதனோடு சேர்ந்து நடந்தார். தத்துவம் கற்பதும் தத்துவமாக வாழ்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

அதே நாட்டில் கார்ல் யாஸ்பர்ஸ் வேறு வழி நின்றார். மனநோய் மருத்துவராயிருந்து தத்துவப் பேராசிரியரானவர் அவர். அவர் மனைவியார் யூதப் பெண்மணி. மனைவியைப் பிரிய மறுத்த யாஸ்பர்ஸ் 1937-இல் பதவி இழந்தார். அடுத்து நூல் வெளியிடும் உரிமையையும் இழந்தார். நாடு கடத்தப்படும் அபாயத்தில் இருவரும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 1945-இல் அமெரிக்கப் படை ஹைடல்பர்க் நகரை அடைந்ததால் உயிர் தப்பினர். மரணம், துன்பம், போராட்டம், குற்றவுணர்வு ஆகிய எல்லை நிலைகளில்தான் மனிதன் தன்னை அறிகிறான் என்று எழுதியவர், அந்த எல்லையிலேயே நின்று காட்டினார்.

பிரான்சு நாட்டில்

முதல் உலகப்போர்க் காலத்தில் பாரிசில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஓர் அலுவலகம் காணாமற்போன போர்வீரர்களைப் பற்றிய செய்தி திரட்டி வந்தது. ஒரு வீரனுக்கு ஓர் அட்டை. அங்கே பணியாற்றிய காபிரியேல் மார்செல் என்னும் இளைஞர் தம்மைத் தேடிவந்த தாய்மாரையும் மனைவிமாரையும் நாள்தோறும் கண்டார். எண்ணும் பெயரும் எழுதிய ஒவ்வோர் அட்டையும் அவருக்கு ஓர் உயிரின் கூக்குரலாகத் தோன்றியது. மனிதனை அவன் வகிக்கும் பணியாகவும் பதிவேட்டு வரியாகவும் காண்பது ஒரு நோய் என்ற கருத்து அங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது. கத்தோலிக்க நெறி தழுவிய மார்செல், நம்பிக்கையையும் ஒருவருக்கொருவர் உண்மையாயிருத்தலையும் தம் தத்துவத்தின் உயிராகக் கொண்டார். பதிவேடுகளுக்கு நடுவே வாழும் என் போன்றோர் நினைவில் வைக்கத்தக்க வரலாறு இது.

இத்தத்துவத்தை உலகெங்கும் அறியச் செய்தவர் ழான் பால் சார்த்தர். 1905-இல் பிறந்த அவர் 1940-இல் ஜெர்மன் படையிடம் பிடிபட்டுப் போர்க்கைதியாக இருந்தார். 1941-இல் விடுதலையாகிப் பாரிசு திரும்பினார். நகரம் பகைவர் கையில் இருந்தது. அச்சூழலில்தான் 1943-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. போர் முடிந்த ஆண்டில், 1945 அக்டோபர் 29-ஆம் நாள், பாரிசில் அவர் ஆற்றிய சொற்பொழிவுக்குக் கூட்டம் நெருக்கியடித்தது.

அதில் அவர் கூறிய நிகழ்ச்சி ஒன்று புகழ்பெற்றது. போர்க்காலத்தில் மாணவன் ஒருவன் அவரிடம் யோசனை கேட்டு வந்தான். தமையன் 1940-ஆம் ஆண்டுப் போரில் மாண்டுவிட்டான். தந்தை பகைவர் பக்கம் சாய்ந்தவர், தாயோடு மனம் வேறுபட்டவர். தாய்க்கு அவன் ஒருவனே துணை. இங்கிலாந்து சென்று விடுதலைப் படையில் சேர்வதா, தாயருகில் தங்குவதா? சமய நூல் அன்பு செய் என்கிறது. யாருக்கு முதலில் என்று அது கூறவில்லை. நீதி நூலும் அவ்வாறே. ஓர் ஆசிரியரைத் தேடிப்போனால், எந்த ஆசிரியரைத் தேடுவது என்பதிலேயே விடை பாதி முடிந்துவிடுகிறது. ஆகவே சார்த்தர், நீ சுதந்திரமுடையவன், நீயே தேர்ந்துகொள் என்று மட்டும் கூறினார். இது கைவிரித்தல் போலத் தோன்றும். ஆயினும், அவன் சுமையைத் தாம் தூக்கிக்கொள்வதாகப் பாசாங்கு செய்யாததே அவர் அவனுக்குக் காட்டிய மதிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

அச்சுமையைத் தாங்க அஞ்சி, நான் என்ன செய்ய முடியும், என் குணம் அப்படி, என் வேலை அப்படி என்று மனிதன் தனக்குத் தானே கூறிக்கொள்ளும் பொய்யைச் சார்த்தர் தனியாகப் பெயரிட்டு விளக்கினார். தமிழில் அதைத் தன்வஞ்சனை எனலாம். பிறரை ஏமாற்றுபவன் உண்மையை அறிந்து மறைக்கிறான். தன்வஞ்சனையிலோ ஏமாற்றுபவனும் ஏமாறுபவனும் ஒருவனே. தேர்ந்தெடுக்காமல் ஒதுங்கி நிற்பதும் ஒரு தேர்வே. அதற்கும் கணக்குக் கேட்கப்படும் என்பதே இருத்தலியலின் நடுநாயகமான கருத்து.

இருப்புப் பாதையில் ஒரு சோதனை

இக்கருத்து வெறும் சொல் விளையாட்டன்று என்பதை அப்போரே காட்டியது. 1942 முதல் 1944 வரை பிரான்சிலிருந்து சுமார் 76,000 யூதர்கள் இரயில் வண்டிகளில் ஏற்றப்பட்டுக் கிழக்கேயுள்ள மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மீண்டவர் மிகச் சிலரே. அவ்வண்டிகள் தாமாக ஓடவில்லை. வேகன்களை ஒதுக்கியவர், கால அட்டவணை வகுத்தவர், கட்டணக் கணக்கு எழுதியவர், கைகாட்டி இறக்கியவர் எனப் பலர் கை அதில் பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கொடியவர் அல்லர்; வந்த காகிதத்துக்கு வேலை செய்தவர்கள்.

இந்தப் போக்குவரத்து முழுவதையும் ஒழுங்கு செய்த ஜெர்மன் அதிகாரி ஐக்மன் 1961-இல் எருசலேமில் விசாரிக்கப்பட்டபோது, தான் உத்தரவை நிறைவேற்றியதாகவே வாதாடினான். ஹைடெக்கரிடமும் யாஸ்பர்ஸிடமும் பயின்ற ஹன்னா ஆரெண்ட் அம்மையார் அவ்வழக்கை நேரில் கண்டு 1963-இல் ஒரு நூல் எழுதினார். அரக்கனைக் காணச் சென்றவர் அங்கே சிந்திக்க மறுத்த ஓர் அலுவலனைக் கண்டதாக எழுதினார். அம்முடிவோடு மாறுபட்டு, ஐக்மன் மனமறிந்த யூதப் பகைவனே என்று நிறுவும் ஆராய்ச்சியாளரும் உளர். எவ்வாறாயினும், உத்தரவு என்ற ஒரு சொல் மனிதனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்பதில் இரு திறத்தாருக்கும் ஐயமில்லை.

மறுபக்கமும் உண்டு. 1942 அக்டோபர் 31-ஆம் நாள், பிரான்சின் மோந்தோபான் நிலையத்தில் லெயோன் பிரோன்ஷார் என்னும் எஞ்சின் டிரைவர், அரசியல் கைதிகளை ஏற்றிய வண்டியை ஓட்ட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பின்னர் எதிர்ப்பியக்கப் பணிக்காகக் கைதாகி ஜெர்மன் முகாம்களில் அல்லலுற்று, உயிரோடு மீண்டார். அவர் தத்துவ நூல் எதையும் எழுதவில்லை. ஆயினும் அதே அலுவலகம், அதே உத்தரவு, அதே அச்சம் இருக்க, ஒருவர் மறுத்தார் என்பதால், மறுக்க முடியாது என்ற மற்றவர் வாதம் வலுவிழந்து போகிறது. இருப்புப் பாதையில் உழைக்கும் நாம் இப்பெயரை அறிந்திருத்தல் தகும்.

போருக்குப்பின் யாஸ்பர்ஸ் 1946-இல் ஜெர்மானியரின் குற்றம் பற்றி எழுதிய நூலில், சட்டக் குற்றம், அரசியல் குற்றம், அறக் குற்றம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி, இவற்றுக்கும் அப்பால், அயலான் கொல்லப்பட்டபோது நான் உயிரோடிருந்தேன் என்று மனிதன் மனிதனுக்காக உணரும் குற்றம் ஒன்றையும் கூறினார். துன்புற்றவர் பக்கம் நின்றவரே அதை எழுதினார் என்பது கருதத்தக்கது.

பெண்ணும் தேர்வும்

சார்த்தரின் வாழ்நாள் தோழியரான சிமோன் த பொவ்வார் அம்மையார் இக்கொள்கையைப் பெண்குலத்தின் பக்கம் திருப்பினார். பிரெஞ்சுப் பெண்கள் 1945-இல்தான் முதன்முதலாக வாக்களித்தனர். 1949-இல் வெளியான அவருடைய ஆராய்ச்சி நூல், பெண் இயல்பு என்று கூறப்படுவதில் பெரும்பகுதி இயற்கை தந்ததன்று, வளர்ப்பும் வழக்கமும் ஏற்றிவைத்தது என்று நிறுவ முயன்றது. சார்த்தரின் கொள்கைக்கு அது ஒரு திருத்தமும் ஆகும். எல்லோரும் சுதந்திரர் என்று சொன்னால் போதாது. கதவு அடைக்கப்பட்டவருக்குக் கதவைத் திறப்பதும் சுதந்திரம் பேசுவோர் கடமை. மகனுக்குப் பாடப் பிரிவைக் கேட்டு முடிவு செய்து, மகளுக்குக் கேளாமலே முடிவு செய்யும் பெற்றோர் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்கலாம்.

காம்யுவும் ஓர் எழுத்தனும்

ஆல்பெர் காம்யு 1913-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் பிறந்தார். மறு ஆண்டே தந்தை போரில் மாண்டார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் வீட்டுவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் முயன்றிராவிடில் அச்சிறுவன் உயர்பள்ளி கண்டிருக்க மாட்டான். 1957-இல் நோபெல் பரிசு பெற்ற காம்யு அந்த ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். தம்மை இருத்தலியலார் என அழைப்பதை அவர் ஏற்றதில்லை. ஆயினும் அக்குடும்பத்தில் வைத்தே உலகம் அவரைப் படிக்கிறது.

மனிதன் பொருள் தேடிக் கூவுகிறான், உலகம் மௌனமாயிருக்கிறது. இந்த முரணையே அவர் அபத்தம் என்றார். அபத்தத்தைக் கண்டு உயிரை மாய்த்துக்கொள்வதை அவர் ஒப்பவில்லை. மலைமேல் பாறையை உருட்டி உருட்டி ஏற்றும் கிரேக்கக் கதை வீரன் சிசிபசை எடுத்துக்கொண்டு, முடிவில்லாத உழைப்பையும் விழிப்போடு ஏற்பவன் தன் விதியை வென்றவன் என்று 1942-இல் எழுதினார். 1947-இல் வெளியான கொள்ளைநோய் பற்றிய நாவலில், ஓரான் நகரத்தைப் பிணி சூழ்ந்தபோது பெரும்பேச்சுப் பேசாமல் தொண்டு செய்பவருள் ஒருவன் நகராட்சியில் குறைந்த சம்பளம் வாங்கும் கிராண்டு என்னும் எழுத்தன். பகலில் அலுவலக வேலை. மாலையில் தொண்டர் படையின் நோய்க் கணக்கு. இக்கதைக்கு ஒரு வீரன் வேண்டுமாயின் இவனே ஆகலாம் என்று கதை சொல்பவர் அவனைச் சுட்டுகிறார். 1960 சனவரி 4-ஆம் நாள் காம்யு மோட்டார் விபத்தில் மாண்டார். பயன்படுத்தப்படாத இரயில் பயணச்சீட்டு ஒன்று அவர் சட்டைப்பையில் இருந்தது.

குறைகளும் கொள்ளத்தக்கனவும்

இத்தத்துவம் மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1948-இல் சார்த்தரின் நூல்களைத் தடைசெய்த நூல்களின் பட்டியலில் சேர்த்தது. வயிற்றுக்கு இல்லாதவனிடம் சுதந்திரம் பேசிப் பயனென்ன என்று மார்க்சியர் இடித்துரைத்தனர். சார்த்தரே பின்னர் மார்க்சியத்தை நெருங்கினார். 1952-இல் காம்யுவோடு நட்பு முறிந்தது. சோவியத் நாட்டுக் கைதி முகாம்களைப் பற்றி உரத்துப் பேசத் தயங்கியது சார்த்தருக்கு ஒரு மாசே. மறுபுறம், அல்ஜீரிய மக்களின் விடுதலையை ஆதரித்ததால் அவர் குடியிருப்பில் குண்டு வைக்கப்பட்டது, அவர் பின்வாங்கவில்லை. 1964-இல் நோபெல் பரிசையும் ஏற்க மறுத்தார். 1980-இல் அவர் மறைந்தபோது பல்லாயிரவர் பின்தொடர்ந்து நடந்தனர். பெரியோரையும் குறையோடு காண்பதே வரலாற்று நேர்மை.

தமிழில் அறிய விழைவோருக்கும் வழியுண்டு. எஸ். வி. ராஜதுரை அவர்கள் இத்தத்துவம் பற்றித் தனிநூல் எழுதியுள்ளார். காம்யுவின் நாவலை வெ. ஸ்ரீராம் அவர்கள் பிரெஞ்சிலிருந்தே 'அந்நியன்' என்று தமிழாக்கியுள்ளார். சங்க நூலகத்தில் இவை இடம்பெறுவது நன்று.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதில் கொள்ளத்தக்கது யாது? நாம் எங்கே பிறந்தோம் என்பது நம் தேர்வன்று. எந்த ஊருக்கு மாறுதல் உத்தரவு வரும் என்பதும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. ஆனால் அந்த ஊரில் அயலானோடு எவ்வாறு பழகுகிறோம், பிள்ளைகளுக்கு எம்மொழியில் கதை சொல்கிறோம், மேசைக்கு வந்த காகிதத்தின் பின்னால் ஒரு மனிதன் நிற்பதைக் காண்கிறோமா, தவறு என்று தெரிந்த இடத்தில் கையெழுத்தை நிறுத்துகிறோமா என்பவை நம் கையில் உள்ளன. விதி என்றும் மேலிடம் என்றும் ஊரார் என்றும் இவற்றைத் தள்ளிவிடலாம். தள்ளியவனும் நாமே என்பதை மட்டும் மறைக்க முடியாது. நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தத்துவ வரலாறு எனக்கு உணர்த்தியது இதுவே. கற்றறிந்த அன்பர்கள் இதனை மேலும் விரித்துரைப்பார்களாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!